அந்த ஒற்றை எழுத்து பிழை அல்ல

போன மாதம் ஆனையூரில் எங்கள் மிஷன் நடத்தும் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகவிருக்கிற ஒன்பது இளவட்டங்கள். வகுப்பை நடத்துகிற தம்பி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மொசாம்பிக் பத்திப் பேசுங்க. மொழி கத்துக்கிட்டது, காய்ச்சல்ல கெடந்தது எல்லாம் சொல்லுங்க. அந்தப் பதிவேட்டுச் சமாச்சாரம் மட்டும் வேணாம்ணே" என்றார்.

நான் தலையாட்டவில்லை.

வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஐயா, இப்ப போன்லயே எல்லா மொழிக்கும் மொழிபெயர்ப்பு வந்துருது. எதுக்கு ரெண்டு வருசம் ஒக்காந்து படிக்கணும்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, பதிவேட்டுச் சமாச்சாரத்தைத்தான் சொன்னேன். பாதியில் மணி அடித்து முடித்துவைத்தார்கள். முழுசாக இங்கே எழுதுகிறேன். யாருக்காவது சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

நான் அவனியாபுரத்துக்காரன். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் நிற்காமல் ஊழியத்துக்குப் போனதற்கு வீட்டில் ஏற்கெனவே சண்டை. தொண்ணூறுகளின் நடுவில், இருபத்தெட்டாவது வயதில், ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன் என்றதும் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். என்னை அனுப்பிய மிஷன் சின்னது. சிம்மக்கல்லில் பழ மண்டிக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள்தான் அலுவலகம். அங்கேதான் நாலு மாதம் போர்த்துகீசியப் பாடம். ஒரு டேப்ரிக்கார்டர், பன்னிரண்டு கேசட், அட்டை போன ஒரு அகராதி. கீழே லாரியிலிருந்து கூடை இறக்குகிற கூச்சலுக்கு நடுவே கேசட்டில் ஒரு பெண் குரல் 'ஷாவி' என்றது, 'ஜனேலா' என்றது, 'மேசா' என்றது, 'அனனாஸ்' என்றது. சாவி, ஜன்னல், மேசை, அன்னாசி. பாதி மொழி நம்மிடமே இருக்கிறதே என்கிற தெனாவெட்டோடு விமானம் ஏறினேன். மிச்சப் பாதி என்னவென்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மிஷன் நிலையம் மொசாம்பிக்கின் வடக்கில், மலாவி எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. சில வயல்களைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும், உள்ளே கண்ணிவெடி இருக்கலாம் என்று அர்த்தம். எல்லை தாண்டி அகதிகளாய்ப் போனவர்கள் தலைச்சுமையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

நிலையத்தின் தலைவர் பாஸ்டர் ரெனாத்தோ, பிரேசில் நாட்டுக்காரர். ஐம்பது வயது, நெடுநெடுவென்று உயரம். குடிதண்ணீருக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிற ஊரிலும் இஸ்திரி கலையாத சட்டை போடுவார். குரலை ஒரு நாளும் உயர்த்தியதில்லை. புதிதாய் வந்தவனுக்கு ஆறு மாதம் பிரசங்கம் கிடையாது என்பது அவர் சட்டம். காலையில் இருபது சொல் தருவார். மாலையில் அந்த இருபதையும் வைத்து இருபது வாக்கியம் எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "இன்னொரு தடவை" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

என் பிழை பெரும்பாலும் ஒரே பிழை, பன்மை. நாம் "ரெண்டு ஆடு வாங்குனேன்", "நாலு வாழப்பழம் குடு" என்று பேசிப் பழகியவர்கள். எண்ணைச் சொன்னால் போதும், 'கள்' தேவையில்லை. அவர்கள் மொழியில் ஒன்றுக்கு மேல் போய்விட்டால் சொல்லின் கடைசியில் எஸ் என்ற எழுத்து வந்தே தீர வேண்டும். என் நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன் என்னை ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடி, தட்டுத் தடுமாறி, "உமது பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று சொல்லப் பார்த்தேன். "எஸ்" என்றார், கண்ணைத் திறக்காமலே. கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பவனை நடுவில் நிறுத்தி இலக்கணம் திருத்திய ஒரே மனிதர் அவர்தான்.

அவரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். மலேரியாவில் பதினோரு நாள் கிடந்தேன். ஈரத்துணி போட்டதும், கஞ்சி ஊட்டியதும், வாந்தியை அள்ளியதும் அவர். காய்ச்சலில் நான் தமிழில் பிதற்றியிருக்கிறேன். எழுந்து உட்கார்ந்த அன்று தன் நோட்டைக் காட்டினார். நான் அதிகம் சொன்ன மூன்று சொற்களைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தார்: தண்ணி, அம்மா, போதும். "இவற்றுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு, எதிரே அர்த்தத்தையும் எழுதிக்கொண்டார். பிற்பாடு மோத வேண்டி வந்தது இந்த மனிதரோடுதான். கெட்டவரோடு மோதுவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாம் வருடம் என்னை வீடு சந்திக்க அனுப்பினார். அதற்கும் முறை உண்டு. முற்றத்தின் எல்லையில் நின்று கைதட்டி, "வரலாமா?" என்று கேட்க வேண்டும். பாயோ முக்காலியோ போடும்வரை காத்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் விஷயத்துக்குப் போகக் கூடாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய உடம்பையும் விசாரித்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வேதாகமம்.

பதிவேடும் என் பொறுப்புக்கு வந்தது. போரில் அந்த வட்டாரத்து அரசாங்கக் காகிதமெல்லாம் எரிந்துபோயிருந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் எங்கள் பதிவேட்டின் நகலைத்தான் ஊர் நிர்வாகி சாட்சியாக ஏற்றுக்கொண்டார். அதனால் பாஸ்டர் அதில் மகா கறார். கறுப்பு மை மட்டும். இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், உத்தேச வயது, அடக்கம் செய்த நாள், அதன் கீழே 'வியூவா' என்று அச்சடித்த ஒரு வரி. வியூவா என்றால் விதவை. பிறகு பிள்ளைகள், சாட்சிகள் இருவர், கைரேகைகள். அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, அடியிலிருக்கும் சொல் படிக்கிற மாதிரி விட்டு, ஓரத்தில் கையெழுத்திட வேண்டும். அடக்கமான மூன்று நாளுக்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அர்மாந்தோ இறந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர்களை எழுப்பிய கொத்தனார். பல மாத இருமல், கடைசியில் எலும்பும் தோலுமாகப் போனார். அவர் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ரோசா, கோயிலில் வைத்துத் திருமணம் செய்த மனைவி. போரின்போது ஓடிய ஓட்டத்தில் ரோசா மலாவிப் பக்கம் போய்விட்டார், அர்மாந்தோ இந்தப் பக்கம். ரோசா ஆற்றில் மூழ்கிப் போய்விட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அர்மாந்தோ இரண்டு வருடம் தனியாக இருந்துவிட்டு அமேலியாவோடு குடும்பம் நடத்தினார். சமாதானம் வந்த பிறகு, பிரிந்து ஆறு வருடம் கழித்து, ரோசா உயிரோடு வந்து நின்றார். அர்மாந்தோ யாரையும் போகச் சொல்லவில்லை. ஒரு முற்றத்தில் இரண்டு குடிசை. வயலையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

அடக்க நாளுக்கு முன்பு பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "ஆராதனை உண்டு, அவர் ஞானஸ்நானம் பெற்றவர். பதிவேட்டில் ரோசா பெயர் மட்டும். இரண்டு பெயர் எழுதினால் சபை இரண்டு மனைவிகளை ஆசீர்வதித்ததாகிவிடும். அமேலியா பக்கத்து வீட்டுக்காரர்களோடு பின்னால் நிற்கட்டும்." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

அமேலியா பின்னால் நின்றார். அர்மாந்தோவின் அண்ணன் தெற்கேயிருந்து வந்திருந்தார். குழி மூடுவதற்குள்ளேயே அவர் பேச்சு என் காதில் விழுந்தது: காகிதத்தில் யார் பெயர் வருகிறதோ அவளுக்குத்தான் நிலம், இன்னொருத்தி எங்கிருந்து வந்தாளோ அங்கேயே போகட்டும். அமேலியாவுக்குப் போக இடமில்லை. அவர் கிராமமே சிவப்பு ரிப்பனுக்குள் இருந்தது.

மறுநாள் பாஸ்டர் பத்து நாள் கூட்டத்துக்காக நகரத்துக்குக் கிளம்பினார். பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோசாவின் முற்றத்துக்குப் போனேன். கைதட்டினேன், காத்திருந்தேன், உடம்பு விசாரித்தேன். ரோசா சின்ன வயதில் ஒரு போர்த்துகீசியர் வீட்டில் சமையல் செய்தவர், மொழி அவருக்கு என்னைவிடத் தெளிவாக வரும். ஆனால் அன்று அவர் பேசியது என் காதில் மதுரைத் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

மை தடவிய அட்டையை நீட்டினேன். அவர் விரலை நீட்டவில்லை.

"எழுதுனத வாசி தம்பி."

வாசித்தேன். விதவை: ரோசா.

"இன்னொருத்தி எங்க?"

"மமா, பாஸ்டர் ஒரு பேருதான் எழுதச் சொல்லியிருக்காரு." அங்கே மூத்த பெண்களை மமா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஒனக்கு ஒண்ணு சொல்றேன், கேளு. நான் திரும்பி வந்த அன்னைக்கு, இந்தா நீ நின்னு கைதட்டுனியே, அதே எடத்துலதான் நின்னேன். கைதட்டக்கூடத் தெம்பு இல்ல. அவ மக்காச்சோளம் இடிச்சிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் நான் யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒலக்கைய வச்சா. உள்ள போயி அவ படுக்குற பாயத் தூக்கிட்டு வந்து எனக்கு விரிச்சா. ஒரு கேள்வி கேக்கல. மூணு மாசம் அவ கையாலதான் சாப்பிட்டேன். இப்ப அவள இல்லைன்னு சொல்ல என் பெருவெரல கேக்குறியா?"

"நான் கேக்கல மமா, சட்டம்..."

"அவரு செத்ததுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் அழுதோம். ரெண்டு பேரையும் எழுது. இல்லாட்டி நான் ரேகை வைக்க மாட்டேன். வெறுந்தாளாவே கெடக்கட்டும்."

அமேலியா குடிசைக் கதவோரம் நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அனுப்பிய மிஷன், கீழ்ப்படிவேன் என்று கொடுத்த சத்தியம், காய்ச்சலில் என்னைத் தூக்கி நிறுத்திய மனிதர், எல்லாம் கண் முன்னால் வந்தது. ஆனால் அந்த முற்றத்தில் இரண்டு விதவைகள் இருந்தார்கள். அதை மறைக்க எனக்கு ஒரு மொழியிலும் சொல் தெரியவில்லை. பேனாவை எடுத்தேன். ரோசாவின் பெயருக்குப் பக்கத்தில் அமேலியாவின் பெயரை எழுதினேன். அச்சடித்திருந்த 'வியூவா'வின் வாலில் ஒரு எஸ் சேர்த்தேன். வியூவாஸ். விதவைகள். ரோசா கட்டைவிரலை அழுத்தினார். பிறகு எழுந்து போய் அமேலியாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவர் விரலையும் தானே அழுத்தி வைத்தார்.

நான் அதோடு நிற்கவில்லை. இதைத்தான் பலர் மன்னிக்கவில்லை. அன்றே நகல் எழுதி முத்திரை குத்தினேன். அடுத்த நாள் காலை மூவரும் நிர்வாகியின் அலுவலகத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்தோம். அவர் பழைய போர்வீரர், ஒரு கால் மரக்கால். நகலை இரண்டு தடவை படித்தார்.

"விதவை யார்?"

"ரெண்டு பேரும்" என்றார் ரோசா.

"மிஷன் இப்படி எழுதாதே?"

"எழுதியிருக்கு. எழுதினது நான்" என்றேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, குத்தினார். நிலம் இரண்டு பெயரிலும் பதிவானது. அந்த வாரமே அர்மாந்தோவின் அண்ணன் தெற்கே பஸ் ஏறிவிட்டார். முதல் மழைக்கு அமேலியா தன் பாதியில் சோளம் விதைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பாஸ்டர் திரும்பி வந்ததும் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஞானராஜ், இந்த எஸ்ஸை நீங்களா போட்டீர்கள்?"

"ஆமாம் பாஸ்டர்."

"இரண்டு வருடமாக இந்த எழுத்துக்காகத்தான் உங்களோடு போராடினேன்." சிரிக்கவில்லை. "கேளுங்கள். உங்களுக்கு மொழி இன்னும் முழுதாக வரவில்லை. சொந்தக்காரர் பெயரைத் தவறான வரியில் எழுதிவிட்டீர்கள். பன்மையில் குழம்பிவிட்டீர்கள். அப்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். ஒரு கோடு போட்டு அடித்து இருவரும் கையெழுத்திடுவோம். நிர்வாகிக்கு நான் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் இங்கேயே இருக்கலாம்."

எனக்காகத்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்தார், எனக்குத் தெரியும். அதில் நுழைய முடியவில்லை.

"பாஸ்டர், என் நோட்டுல ஆயிரம் பிழை இருக்கு. இது பிழை இல்ல. ரெண்டு பேர் இருந்தாங்க, ரெண்டுக்கு எஸ் போட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த இலக்கணம்தான்."

"கீழ்ப்படிதல் என்று ஒன்று இருக்கிறது."

"பொய்ச் சாட்சி சொல்லாதேன்னும் ஒண்ணு இருக்கு."

அவர் பதிவேட்டை மூடினார். மூன்று வாரத்தில் எனக்கு விமானச் சீட்டு வந்தது. நிலையத்தின் லாரியில் அவரே ஓட்டிக்கொண்டு போய் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். ஏழு மணி நேரப் பயணத்தில் மூன்று தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான். அந்த வரியை அவர் பிற்பாடு அடித்தாரா, விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடித்திருந்தாலும் அடியில் இருக்கும் பெயர் படிக்கத் தெரிந்திருக்கும். சட்டம் அப்படி.

அவனியாபுரத்தில் அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத் தூரம் போயி ஒரு எழுத்துக்கா சண்ட போட்டுட்டு வந்த?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஏப்பா, அந்தப் பிள்ளைக்கு நெலம் கெடச்சிருச்சுல்ல?"

"கெடச்சிருச்சும்மா."

"அப்பச் சரி. கைய கழுவிட்டு வா."

சிம்மக்கல் மாடியில் விசாரணை. செயலரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். செயலர் என்மீது பிரியமுள்ளவர். "தம்பி, ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துருங்க. ரெண்டே வரி. அடுத்த வருசம் வேற நாட்டுக்கு அனுப்புறேன்" என்றார்.

"எதுக்கு மன்னிப்பு ஐயா?"

"தலைவர் சொல்ல மீறுனதுக்கு."

"மீறுனேன். அதுக்கு வருத்தம் இருந்தா எழுதித் தருவேன். வருத்தம் இல்லையே."

உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். வெளியே அனுப்பவும் அவர்களுக்கு மனமில்லை, மன்னிக்கவும் வழியில்லை. வெளிநாடு இனிக் கிடையாது, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராம ஊழியம் என்று தீர்மானமானது. தண்டனை என்றுதான் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கரிசல் பாதைகளில் மொபெட்டில் சுற்றினேன். ஜெபக் கூட்டம் நடத்தினேன், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புருஷன் செத்த பெண்களோடு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்தேன். என் மாதாந்தர அறிக்கையில் 'மனம் திரும்பியோர்' என்ற இடத்தில் பல மாதம் ஒன்றும் இருக்காது. அதற்கும் கேள்வி வந்தது. அதற்கும் நான் எண்ணிக்கையை ஏற்றி எழுதவில்லை. போர்த்துகீசியம் மெல்ல மறந்தது. பன்மை மட்டும் மறக்கவில்லை.

வகுப்பில் கேட்ட பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: போன் அன்றைக்கு ரோசா சொன்னதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்திருக்கும். ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது நான்தான். ஒரு மொழியில் பொய் சொல்லக் கூச்சம் வருகிற அளவுக்கு அதைப் படியுங்கள். அதற்கு ரெண்டு வருடம் போதாது.

அந்த மன்னிப்புக் கடிதம் என் கோப்பில் நிலுவையாகவே இருந்தது. செயலர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் கேட்டார்கள். போன வருடம் நான் ஓய்வு பெற்ற நாளில், இப்போதைய செயலர், என் மகன் வயது இருக்கும், கூச்சத்தோடு ஒரு தாளை நீட்டினார். "ஐயா, கோப்ப முடிக்கணும். நானே டைப் பண்ணிட்டேன். கையெழுத்து மட்டும் போட்ருங்க."

வாங்கிப் படித்தேன். ஒரே வாக்கியம்தான்: 'நான் பதிவேட்டில் இரண்டு பெயர்களை எழுதினேன் என்பதற்காக மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிறேன்.'

பேனா கேட்டேன். 'எழுதினேன்' என்பதற்கு அப்புறம் இருந்த எல்லாவற்றையும் ஒரே கோடு போட்டு அடித்தேன். மிச்சத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, தாளை அவரிடம் கொடுத்தேன்.

"ஐயா, இதுல மன்னிப்பே இல்லையே" என்றார்.

"இல்லதான் தம்பி. கோப்புல வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.